எந்த வண்டிக்கு எந்த இன்ஜின் ஆயில்? கேன் மீதுள்ள எழுத்துகள் சொல்வது என்ன?

“சார், இந்த ஆயில் தண்ணி மாதிரி இருக்கு. நம்ம ஊரு வெயிலுக்கு கொஞ்சம் திக்கா போட்டுடலாமா?”

வண்டியை சர்வீஸுக்கு விடும்போது பலரும் சந்திக்கும் கேள்வி இது. “நீங்களே பார்த்துப் போடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்புவதுதான் வழக்கமான பதில்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு நேரில் போனால் குழப்பம் இன்னும் கூடும். ஒரே கம்பெனியின் பெயரில் பத்து வகை கேன்கள் அடுக்கியிருக்கும். ஒன்றில் 5டபிள்யூ-30, இன்னொன்றில் 20டபிள்யூ-50. கீழே பொடி எழுத்தில் எஸ்என், சிகே-4, எம்ஏ2 என்று ஏதேதோ. விலையிலும் இரண்டு, மூன்று மடங்கு வித்தியாசம். ‘விலை ஜாஸ்தியா இருக்கிறதுதான் நல்லது’ என்று எடுத்துவிடுவோம்.

ஆனால் இன்ஜின் ஆயிலில் விலை உயர்ந்தது எல்லா வண்டிக்கும் நல்லதாகிவிடாது. விலையுயர்ந்த கார் ஆயிலை பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். லாரிக்கு அருமையாக உழைத்த பழைய வகை ஆயில், பிஎஸ்6 டீசல் காரின் புகை வடிகட்டியை அடைத்துவிடலாம். இரண்டுமே தரமான ஆயில்கள்தான். போட்ட இடம்தான் தவறு. பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த இன்ஜினுக்கு எதை வடிவமைத்தார்களோ, கேனில் இருப்பது அதுதானா?

அதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. மூன்று குறியீடுகளைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

ஆயில் உள்ளே என்ன செய்கிறது?

உராய்வைக் குறைப்பது மட்டும்தான் ஆயிலின் வேலை என்று நினைக்கிறோம். அது வேலைகளில் ஒன்று. பிஸ்டன், பேரிங் போன்ற பகுதிகளிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்வதும், எரிபொருள் எரிவதால் உண்டாகும் கரியையும் அமிலத்தையும் சமாளிப்பதும், பிஸ்டன் வளையங்களுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளியை அடைப்பதும் அதன் பொறுப்புதான்.

இதற்காகவே ஆயில் இரண்டு பகுதிகளாகத் தயாராகிறது. பெரும்பகுதி ‘பேஸ் ஆயில்’. மீதி, ‘அடிட்டிவ்’ எனப்படும் சேர்ப்பு ரசாயனங்கள். கரியைக் கழுவ ஒன்று, தேய்மானத்தைத் தடுக்க ஒன்று, நுரையைக் குறைக்க ஒன்று எனப் பல. பெட்ரோல், டீசல், பைக் ஆயில்கள் வேறுபடுவது பெரும்பாலும் இந்தச் சேர்ப்புகளில்தான். பார்வைக்கோ தொட்டுப் பார்க்கும்போதோ அந்த வித்தியாசம் தெரியாது.

முதல் குறியீடு: 5டபிள்யூ-30

இது ஆயிலின் பாகுத்தன்மையைச் சொல்கிறது. எளிதில் ஓடுமா, தேன்போல மெதுவாக நகருமா என்ற கணக்கு. இதை வகுத்தது எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு. ‘டபிள்யூ’ என்றால் விண்டர், அதாவது குளிர்காலம்.

‘டபிள்யூ’வுக்கு முன்னால் உள்ள எண், குளிர்ந்த நிலையில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் காட்டுகிறது. எண் குறையக் குறைய, குளிரில் எளிதாக ஓடும். இன்ஜினைச் சுழற்றிக் கிளப்ப முடியுமா என்ற சோதனை 5டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 30 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 15 டிகிரியிலும் நடக்கிறது.

பின்னால் உள்ள எண், இன்ஜின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கானது. இதை 100 டிகிரி செல்சியஸில் அளக்கிறார்கள். ‘30’ ரகம் என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்க வேண்டும். ‘40’ ரகம் 12.5 முதல் 16.3 வரை. ஆக 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 இரண்டும் சூடான பிறகு ஒரே ரகம்தான். வித்தியாசம் தெரிவது குளிர்ந்த நிலையில்.

“மைனஸ் 30 எல்லாம் ஊட்டியில்கூட கிடையாதே, நமக்கெதுக்கு அது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இன்ஜினைப் பொறுத்தவரை 30 டிகிரியில் விடியும் சென்னைக் காலையும் குளிர்தான். அந்த வெப்பநிலையில் எந்த ஆயிலும் 100 டிகிரியில் இருப்பதைவிடப் பல மடங்கு கெட்டியாக இருக்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது, கீழே தேங்கியிருக்கும் ஆயிலை மேலே உள்ள கேம்ஷாஃப்ட் வரை பம்ப் தள்ளியாக வேண்டும். அது போய்ச் சேரும்வரை உலோகங்களுக்கு நடுவே மிச்சமிருக்கும் மெல்லிய படலம் மட்டுமே பாதுகாப்பு. சீக்கிரம் ஓடும் ஆயிலுக்கு இங்கே மதிப்பு அதிகம்.

வெயிலுக்குத் ‘திக்’ ஆயில் வேண்டுமா?

பெரும்பாலான கார்களுக்கு வேண்டியதில்லை. காரணம், தெர்மோஸ்டாட். கூலன்ட் ஓடும் இன்ஜினில் வெளியே 20 டிகிரி இருந்தாலும் 40 டிகிரி இருந்தாலும், கூலன்ட்டின் வெப்பநிலையைச் சுமார் 90 டிகிரிக்கு அருகில் வைத்திருக்க இந்தக் கருவி வேலை செய்கிறது. கொடைக்கானலில் ஓடினாலும் வேலூரில் ஓடினாலும், நன்றாகச் சூடான இன்ஜினுக்குள் நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான்.

இன்றைய பெட்ரோல் இன்ஜின்களில் பேரிங் இடைவெளி, பம்பின் அளவு, வால்வு நேரத்தை மாற்றும் விவிடி அமைப்பு எல்லாம் குறிப்பிட்ட ஓட்டத்தன்மையைக் கணக்கில் வைத்தே வடிவமைக்கப்படுகின்றன. 0டபிள்யூ-20 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால், ஸ்டார்ட் செய்தவுடன் ஆயில் மேலே போய்ச் சேரத் தாமதமாகும். சிறு துளைகள் வழியே ஆயில் அழுத்தத்தை நம்பி இயங்கும் பாகங்கள் தடுமாறலாம். மைலேஜும் குறையும்.

மைலேஜ்தான் மெல்லிய ஆயில் வந்ததற்கான முக்கியக் காரணமும்கூட. கம்பெனிகள் விற்கும் கார்களின் சராசரி எரிபொருள் பயன்பாட்டுக்கு இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் வரம்பு உண்டு. மெல்லிய ஆயிலைத் தள்ள இன்ஜின் செலவிடும் சக்தி குறைவு என்பதால், சில புதிய பெட்ரோல் கார்களுக்கு 0டபிள்யூ-16 வரை பரிந்துரைக்கிறார்கள். அதற்காக, 40 ரகம் கேட்கும் பழைய இன்ஜினில் ‘மைலேஜ் கூடும்’ என்று 16 ரகத்தை ஊற்றுவதும் ஆபத்துதான். உலோகங்களைப் பிரித்து வைக்கும் ஆயில் படலம் அங்கே தாக்குப்பிடிக்காமல் போகலாம்.

காற்றால் குளிரும் பைக் இன்ஜின் விஷயம் கொஞ்சம் வேறு. அங்கே கூலன்ட்டும் இல்லை, தெர்மோஸ்டாட்டும் இல்லை. மே மாதம் மதியம் சிக்னலில் நின்றால் ஆயிலின் சூடு ஏறத்தான் செய்யும். அதையும் கணக்கில் எடுத்துத்தான் கம்பெனி ரகத்தைச் சொல்கிறது. ராயல் என்பீல்டு 350 சிசி பைக்குகளுக்கு 15டபிள்யூ-50 பரிந்துரைக்கப்படுகிறது. ஹோண்டா ஆக்டிவாவுக்கு 10டபிள்யூ-30. இரண்டும் ஒரே வெயிலில்தான் ஓடுகின்றன. ரகத்தை முடிவு செய்வது ஊரின் வெயிலைவிட, இன்ஜினின் வடிவமைப்புதான்.

“வண்டி பழசாயிடுச்சு, ஆயில் குடிக்குது, திக்கா போட்டா சரியாயிடும்” என்பது அடிக்கடி கேட்கும் இன்னொரு யோசனை. கெட்டி ஆயில் கசிவையும் புகையையும் சில நாள் மறைக்கலாம். தேய்ந்த பிஸ்டன் வளையத்தையோ வால்வு சீலையோ அது சரிசெய்யாது. சில வண்டிகளின் ஓனர்ஸ் மேனுவலில் ஒன்றுக்கு மேற்பட்ட ரகங்களை வெப்பநிலைக்கேற்ப அட்டவணையாகப் போட்டிருப்பார்கள். மாற்றுவதாக இருந்தால் அந்த அட்டவணைக்குள் மாற்றுவதே பாதுகாப்பு.

இரண்டாவது குறியீடு: எஸ் என்றால் பெட்ரோல், சி என்றால் டீசல்

கேனின் பின்புறம் டோனட் போன்ற வட்ட முத்திரையிலோ சிறு எழுத்துகளிலோ ஏபிஐ என்று இருக்கும். அமெரிக்க பெட்ரோலிய நிறுவனத்தின் தரக் குறியீடு இது. எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் இன்ஜினுக்கானது. சி என்று தொடங்கினால் டீசலுக்கானது.

பெட்ரோலில் இரண்டாவது எழுத்து அகர வரிசையில் தள்ளிப் போகப் போக, தரம் புதியது. எஸ்எல் 2001இல் வந்தது. எஸ்என் 2010இல், எஸ்பி 2020இல், எஸ்க்யூ 2025இல். எஸ்என் கேட்கும் காரில் சரியான பாகுத்தன்மை கொண்ட எஸ்பி ஆயிலைத் தாராளமாக ஊற்றலாம். எஸ்பி கேட்கும் காரில் எஸ்எல் ஊற்றுவதுதான் தவறு.

சிறிய டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் எழுத்து விளையாட்டு இல்லை. நேரடி எரிபொருள் செலுத்தல் கொண்ட டர்போ இன்ஜின்களில், குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது, ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் பிரச்சினை உண்டு. மோசமான நிலையில் இது பிஸ்டனையே உடைத்துவிடும். ஆயிலில் உள்ள சில கால்சியம் சேர்ப்புகள் இதைத் தூண்டுவது தெரியவந்தது. அதைத் தடுக்கும் சோதனையில் தேறிய பிறகே ஓர் ஆயில் எஸ்பி என்ற முத்திரையைப் பெற முடியும்.

டீசல் பக்கம் சிஐ-4 தரம் 2002இல் வந்தது. சிகே-4 2016இன் இறுதியில் அறிமுகமானது. டீசல் இன்ஜினில் புகைக்கரி அதிகம் சேரும். அது கட்டிகட்டியாகத் திரளாமல் ஆயிலுக்குள் மிதக்கவைக்கும் சேர்ப்புகள் டீசல் ஆயிலில் கூடுதலாக இருக்கும். புது ஆயில் மாற்றி சில நூறு கிலோமீட்டரிலேயே டீசல் காரின் ஆயில் கறுத்துவிடுவதற்குக் காரணம் இதுதான். “ஆயில் கறுப்பாயிடுச்சு, கெட்டுப்போச்சு” என்று பயப்பட வேண்டாம். கரியை அது தாங்கிப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

‘அப்போ டீசல் ஆயில் பவர்ஃபுல். பெட்ரோல் காருக்கும் அதையே ஊத்தலாமே?’ கூடாது. தேய்மானத்தைத் தடுக்கும் சேர்ப்பில் பாஸ்பரஸ் இருக்கிறது. எரிந்து வெளியேறும் ஆயிலோடு போகும் இந்தப் பாஸ்பரஸ், பெட்ரோல் காரின் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மெல்ல மெல்லச் செயலிழக்க வைக்கும். அதனால் 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய எஸ்பி ரக ஆயிலில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். சிகே-4இல் 0.12 சதவீதம் வரை அனுமதி உண்டு.

சில கேன்களில் எஸ்என்/சிஎஃப் என்று இரண்டுமே இருக்கும். பெட்ரோலுக்கு எஸ்என், டீசலுக்கு சிஎஃப் தரத்தை எட்டுகிறது என்பது பொருள். இதில் சிஎஃப் மிகவும் பழைய தரம். ‘டீசலுக்கும் ஓகேன்னு போட்டிருக்கே’ என்று புதிய டீசல் காரில் ஊற்றிவிடக் கூடாது.

பிஎஸ்6 டீசல் காரா? சாம்பலைப் பாருங்கள்

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்6 விதிகள் அமலுக்கு வந்தன. அதன் பிறகு வந்த டீசல் கார்களின் புகைக்குழாய்ப் பாதையில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. புகையில் வரும் கரித்துகளை இது பிடித்து வைக்கும். நிறைந்ததும் அதிக வெப்பத்தில் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்.

கரி எரிந்துவிடும். சாம்பல் எரியாது. இந்தச் சாம்பலின் பெரும்பகுதி, ஆயிலில் உள்ள உலோகச் சேர்ப்புகள் எரிவதால் வருவது. அது வடிகட்டிக்குள்ளேயே தங்கி, ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, ஒரு நாள் வழியை அடைக்கும். பிக்கப் குறையும், எச்சரிக்கை விளக்கு எரியும், கடைசியில் வடிகட்டியையே கழற்றிச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டிவரும். ஆயிலில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய் எதற்கும் காணாது.

எனவே இந்தக் கார்களுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் அவசியம். கார் டீசல்களுக்கு ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர்கள் சங்கமான ஏசிஇஏவின் சி2, சி3 ஆகிய தரங்கள் மேனுவலில் அடிக்கடி தென்படும். இவற்றில் சல்பேட் சாம்பல் 0.8 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதே சங்கத்தின் ஏ3/பி4 தரம், டிபிஎஃப் இல்லாத கார்களுக்குச் சிறந்தது. ஆனால் அதில் சாம்பல் 1.6 சதவீதம் வரை போகலாம். இரண்டு கேன்களிலும் முன்பக்கம் 5டபிள்யூ-30 என்றே இருக்கும். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கினால் வித்தியாசமே தெரியாது.

டீசல் கார் வைத்து, வீட்டுக்கும் ஆபீஸுக்கும் ஐந்தாறு கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்ய, பல கார்களில் கூடுதல் டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சுவார்கள். அந்தச் சுத்தம் பாதியில் நின்றுபோய்க்கொண்டே இருந்தால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறும். ‘ஆயில் குறையவே இல்ல, சூப்பர் இன்ஜின்’ என்று சந்தோஷப்படக் கூடாது. அளவு மேல் கோட்டைத் தாண்டினால் உடனே சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும். நீர்த்துப்போன ஆயிலால் பேரிங்குகளைக் காப்பாற்ற முடியாது.

மூன்றாவது குறியீடு: பைக்குக்கு எம்ஏ, ஸ்கூட்டருக்கு எம்பி

காரில் இன்ஜினுக்கு ஒரு ஆயில், கியர்பாக்ஸுக்கு இன்னொன்று. பெரும்பாலான கியர் பைக்குகளில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலில் நனைந்தபடியே இருக்கும். இங்கே ஒரு முரண்பாடு. இன்ஜினுக்கு உராய்வு குறைய வேண்டும். கிளட்ச்சுக்கு உராய்வு இருந்தால்தான் பிடிப்பு.

மைலேஜுக்காகச் சில கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்ப்புகள் உண்டு. அதைப் பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் சத்தம் மட்டும் ஏறும், வண்டி போகாது. இதற்காகவே ஜப்பானிய தர அமைப்பு ஒன்று ‘ஜாசோ’ குறியீட்டைக் கொண்டுவந்தது. எம்ஏ, எம்ஏ2 என்றால் நனைந்த கிளட்ச்சுக்கு ஏற்ற உராய்வு கொண்டவை. எம்ஏ2 பிடிப்பு கூடுதல். எம்பி என்றால் உராய்வு குறைவு.

கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் கிளட்ச் தனியாக, ஆயில் படாமல் இருக்கும். அதனால் அவற்றுக்கு எம்பி ஏற்றது. ஸ்கூட்டரில் எம்ஏ ஆயில் ஊற்றினால் பெரிய சேதம் வராது, மைலேஜில் கொஞ்சம் இழப்பு இருக்கலாம். பைக்கில் எம்பி ஊற்றினால் கிளட்ச்சுக்குச் சிக்கல். வீட்டில் பைக்கும் ஸ்கூட்டரும் இருந்து, மிச்சமான ஆயிலைப் பகிர்ந்துகொள்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

ஃபுல்லி சிந்தெடிக் என்றால் உசத்தியா?

சுத்திகரிக்கப்பட்ட கச்சா எண்ணெயிலிருந்து நேரடியாக வருவது மினரல். ரசாயன முறையில் மூலக்கூறுகளை மாற்றி அமைத்தோ, புதிதாக உருவாக்கியோ தயாரிப்பது சிந்தெடிக். இரண்டையும் கலந்தால் செமி சிந்தெடிக். எவ்வளவு கலந்தால் ‘செமி’ என்பதற்குப் பொதுவான கணக்கு இல்லை. கச்சா எண்ணெயைத் தீவிரமாகப் பதப்படுத்திப் பெறும் ‘குரூப் 3’ எண்ணெயும் ‘ஃபுல்லி சிந்தெடிக்’ என்ற பெயரிலேயே விற்பனையாகிறது.

சிந்தெடிக் அதிக வெப்பத்தைத் தாங்கும், குளிரில் எளிதாக ஓடும், ஆவியாவது குறைவு. 0டபிள்யூ ரகங்களை மினரல் எண்ணெயில் தயாரிப்பது நடைமுறையில் முடியாது. எனவே டர்போ கார்களுக்கு அதன் பலன் உண்மையானது. ஆனால் 100 சிசி பைக்குக்கு மேனுவல் சாதாரண ஆயிலைச் சொல்லியிருந்தால், சரியான தரமுள்ள சாதாரண ஆயிலைச் சரியான நேரத்தில் மாற்றுவதே போதும். சிந்தெடிக் போட்டோம் என்ற தைரியத்தில் ஆயில் மாற்றும் இடைவெளியை இஷ்டத்துக்கு நீட்டிப்பதுதான் ஆபத்து.

அந்த இடைவெளி கிலோமீட்டர் அல்லது மாதக் கணக்கு, எது முதலில் வருகிறதோ அது. வொர்க் ஃப்ரம் ஹோமில் வண்டி நின்றே இருந்தாலும் ஆயிலுக்கு வயதாகும். குறுகிய தூரப் பயணங்களில் ஆயில் முழுதாகச் சூடாகாததால், அதில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேற வாய்ப்பில்லாமல் தங்கிவிடும்.

நெடுஞ்சாலையில் ஆயில் அளவு குறைந்து, அதே பிராண்ட் கிடைக்கவில்லையா? அதே பாகுத்தன்மை, அதே தரம் கொண்ட வேறு பிராண்டை ஊற்றி நிரப்பலாம். ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும் தன்மை கொண்டவையா என்பதும் தரச் சோதனையில் ஒரு பகுதிதான். குறைந்த ஆயிலோடு ஓட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆயில் வாங்கும் முன்

* ஓனர்ஸ் மேனுவலில் ‘இன்ஜின் ஆயில்’ பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேனுவல் தொலைந்திருந்தால் பல கம்பெனிகளின் இணையதளத்தில் கிடைக்கும். ஒரே மாடலில் பெட்ரோல், டீசல், டர்போ என்று ஆயில் மாறும். உங்கள் வண்டியின் இன்ஜினையும் ஆண்டையும் சரிபாருங்கள்.
* கேனில் மூன்றையும் ஒப்பிடுங்கள்: பாகுத்தன்மை (5டபிள்யூ-30 போன்றவை), தரம் (ஏபிஐ அல்லது ஏசிஇஏ), பைக் என்றால் ஜாசோ. சில ஐரோப்பிய கார்களுக்கு அந்தந்த கம்பெனியின் சொந்த ஒப்புதல் எண்ணும் வேண்டும்.
* மேனுவலில் உள்ள அளவுக்கு மேல் ஊற்ற வேண்டாம். அதிகமானால் சுழலும் கிராங்க்ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையால் படலம் உருவாக்க முடியாது.
* மூடியின் சீல், தயாரிப்புத் தேதி, பேட்ச் எண் பாருங்கள். சந்தை விலையைவிட மிகவும் மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். பில் வாங்கி வையுங்கள். வாரன்டி காலத்தில் சரியான ஆயில்தான் போட்டோம் என்று காட்ட அதுதான் சான்று.
* ஆயில் மாற்றும்போது பில்டரையும் மாற்றச் சொல்லுங்கள். காலி கேனை வீட்டுக்கு எடுத்துவந்தாலும் சரி, கடையிலேயே விட்டாலும் சரி, ஓட்டை போட்டுவிடுங்கள். அதில் போலி ஆயிலை நிரப்பி இன்னொருவருக்கு விற்க முடியாது. பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல், முறையாகச் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள்.

அடுத்த முறை சர்வீஸில் “திக்கா போட்டுடலாமா?” என்று கேட்டால், போனில் உள்ள அந்தப் படத்தைக் காட்டி “இதுல போட்டிருக்கிறதையே ஊத்துங்கண்ணே, கேனை என் முன்னாடி பிரிங்க” என்று சொன்னால் போதும். நல்ல மெக்கானிக் யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.